ஒழுகும் டீசல் காக்: கயிறு மாற்றுவதா, புதிது வாங்குவதா, பால் வால்வு போடுவதா?

நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 20 சொட்டு ஒரு மில்லி என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்; ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல் டீசல் மண்ணுக்குப் போயிருக்கும். எங்கள் கொட்டகையில் நிற்கும் மாஸி பெர்குசன் 1035 டிராக்டருக்கு அடியில் தகரத் தட்டு வைத்துச் சொட்டுப் பிடித்த காலம் ஒன்று உண்டு. முப்பது வயதைத் தாண்டிய வண்டி. மூன்று சிலிண்டர் சிம்சன் என்ஜின் இன்றும் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொள்கிறது. தேய்ந்தது டேங்குக்கு அடியில் டீசலைத் திறந்து மூடும் அந்தச் சிறு பித்தளைக் காக் மட்டும்தான்.

எதைச் செய்வது என்று யோசிப்பதற்கு முன்னால், ஒழுகுவது எங்கே என்று பார்க்க வேண்டும். டேங்க் என்ஜினுக்கு மேலே இருப்பதால் டீசல் தன் எடையாலேயே கீழே இறங்குகிறது. மேலே கசிந்தது குழாயோடு வழிந்து வேறெங்கோ சொட்டும். சொட்டு தொங்குகிற இடத்தை நம்பி அங்கே இருந்த நட்டை இறுக்கி இறுக்கி அதன் மரையையும் கெடுத்தவன் நான். இப்போது செய்வது இதுதான்: எல்லாவற்றையும் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, காக்கிலும் குழாயிலும் திருநீறு தூவிப் பத்து நிமிடம் காத்திருப்பேன். ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம். பூஜை மாடத்துச் சம்புடத்தை எடுத்ததற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு முகப்பவுடருக்கு மாறிவிட்டேன். அதுவும் நன்றாகவே காட்டிக்கொடுக்கிறது. (இந்த வேலை டேங்க் பக்கத்துக்கு மட்டும். ஓடுகிற என்ஜினில் இன்ஜெக்டர் குழாய்க்கு அருகே விரலைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.)

கைப்பிடித் தண்டைச் சுற்றி ஈரம் தெரிந்தால் உள்ளே அடைத்திருக்கும் கயிறு காய்ந்துவிட்டது என்று பொருள். இதற்குப் புதுக் காக் வாங்குவது வீண் செலவு. டேங்கை வடித்துவிட்டு, தண்டைச் சுற்றிக் கயிற்றை அழுத்திப் பிடிக்கும் கிளாண்ட் நட்டைக் கழற்றி, வளைத்த ஊக்கால் பழைய அடைப்பைத் தோண்டி எடுக்க வேண்டும். எங்கள் காக்கிலிருந்து வந்தது எரிந்த விளக்குத் திரி போலக் கருகி உதிர்ந்தது. கிராஃபைட் கயிற்றில் லேசாக கிரீஸ் தடவி, நட் இறுகும் திசையிலேயே இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, நட்டைப் போட வேண்டும். கைப்பிடியைத் திருப்பும்போது சற்றே இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தால் போதும். முறுக்கித் தள்ளினால் கயிறு நசுங்கி அடுத்த மாதமே ஒழுகும். செலவு இரண்டு டீக்குள் அடங்கும். அரை நாள் போகும், அவ்வளவுதான்.

முழுக்க மூடிய பிறகும் கீழே டீசல் வருகிறதா? அப்படியானால் கயிற்றால் பயனில்லை. உள்ளே ஊசிமுனையோ அது அமரும் இடமோ தேய்ந்திருக்கிறது. கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்துச் சரிசெய்பவர்கள் உண்டு. பித்தளை மெத்தென்ற உலோகம். பேஸ்டின் துகள் அதிலேயே பதிந்துகொண்டு மேலும் அரிக்கும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இங்கே புதுக் காக்தான் சரி. ஆனால் பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். முதலில் மரை: வெறும் கையாலேயே மூன்று சுற்று தடையில்லாமல் ஏற வேண்டும். இரண்டாவது சுற்றில் இறுகுவதை ஸ்பானர் போட்டு ஏற்றினால் டேங்கின் மரை போய்விடும். அதன் பிறகு பற்றவைக்க வேண்டியிருக்கும். காலி டீசல் டேங்கிலும் ஆவி இருக்கும், தீப்பொறி பட்டால் வெடிக்கும். அது பட்டறைக்காரர் கழுவி நீர் நிரப்பிச் செய்ய வேண்டிய வேலை, வீட்டில் செய்வதல்ல. அடுத்தது, பழைய காக்கின் தலையில் டேங்குக்குள் நீளும் சல்லடைக் குழல் இருந்தால் புதியதிலும் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் டேங்கின் அடியில் படிந்த துருவெல்லாம் நேராக ஃபில்டருக்கு வந்து சேரும்.

மூன்றாவது வழி, குழாய்க் கடையில் கிடைக்கும் பித்தளைப் பால் வால்வு (ball valve), உள்ளே துளையிட்ட உருண்டை திரும்பி மூடுவது. கால் சுற்றில் மூடும், சொட்டுக்கூட விடாது, எங்கும் கிடைக்கும். அடைக்கும் திறனை மட்டும் பார்த்தால் மூன்றிலும் இதுதான் முதலிடம். நானும் மயங்கினேன். ஒரு சம்பா பருவத்தில் சேற்று உழவுக்கு நடுவில் வண்டி திணறி நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் நீண்ட கைப்பிடியில் வரப்புப் புல் சிக்கி வால்வைப் பாதி மூடியிருந்தது. பம்ப் இழுக்க டீசல் போதாமல் காற்று புகுந்துவிட்டது. முழங்கால் சேற்றில் நின்று ஃபில்டரின் போல்ட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து அடித்து, நுரை அடங்கி வெறும் டீசல் வரும்வரை ஏர் எடுத்தேன். இன்னொரு குறை அதன் எடை. டேங்கின் மெல்லிய தகட்டில் அந்தக் கனம் தொங்கி அதிர்ந்துகொண்டே இருந்தால் பற்றவைத்த இடம் கீறும். போட்டே தீர வேண்டும் என்றால் சிறு கைப்பிடி உள்ளதாகப் பார்த்து, சேசிஸில் கிளாம்ப் வைத்துத் தாங்கி, டீசலுக்கென்றே உள்ள ரப்பர் குழாயால் இணையுங்கள். தண்ணீர்க் குழாய் டீசலில் கட்டை போல் விறைத்து வெடித்துவிடும்.

எந்த வழியானாலும், வெள்ளை டெஃப்லான் டேப்பை ஒழுகும் மரைகளிலெல்லாம் சுற்றிவைக்கும் பழக்கத்தை விடுவது நல்லது. டீசல் குழாயை இணைக்கும் துளையிட்ட பேஞ்சோ போல்ட்டில் அடைப்பது மரையல்ல, செம்பு வாஷர். டேப்பின் நார் பிய்ந்து பம்புக்குள் போனால் இந்தச் சொட்டெல்லாம் மலிவான நோயாகத் தெரியும். பழைய செம்பு வாஷர் இறுகி இறுகிக் கெட்டிப்பட்டிருக்கும். அடுப்பில் சிவக்கக் காய்ச்சி நீரில் போட்டு எடுத்தால் மீண்டும் மிருதுவாகிவிடும். கைவசம் புதியது இருந்தால் அதையே போடலாம்.

எங்கள் வண்டியில் இப்போது இருப்பது பழைய காக்தான், புதுக் கயிறோடு. மாதம் ஒருமுறையாவது அதை மூடித் திறக்கிறேன், இறுகிப்போகாமல் இருக்க. மரை பொருந்துகிற புதுக் காக் ஒன்று காகிதத்தில் சுற்றிக் கருவிப் பெட்டியில் கிடக்கிறது. பால் வால்வு மாட்டுத் தொட்டிக் குழாய்க்குப் போய்விட்டது; அங்கே அது ஒழுங்காக வேலை செய்கிறது.