பாறசாலை இத்தாலியன் வகுப்பு: டீச்சருக்கு ஐந்து நட்சத்திரம், கையேட்டுக்கு ஒன்று

மார்த்தாண்டத்தில் டியூட்டி முடிந்த கையோடு களியக்காவிளைக்கு பஸ் ஏறி, அங்கே கேரள பஸ் மாறி, பாறசாலை போய்ப் படித்த இத்தாலியன் வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். வாரம் மூன்று நாள், மூன்று மாதம், ஃபீஸ் 12,000 ரூபாய். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயர் போடவில்லை.

கொடுத்த காசு எனக்கு வசூலானது நான்காவது வாரத்தில், பன்மைப் பாடம் நடந்தபோது.

ஆரம்பம் சுலபம்தான். ஓ என்று முடிகிற ஆண்பால் சொல் ஈ என்று முடியும்: லீப்ரோ ஒரு புத்தகம், லீப்ரி பல. ஆ என்று முடிகிற பெண்பால் சொல் ஏ ஆகும்: காஸா ஒரு வீடு, காஸே பல. ஏ என்று முடிந்தால் இரண்டு பாலுக்கும் ஈதான்: க்யாவே ஒரு சாவி, க்யாவி பல. ஹோட்டல் மெனுவில் பார்க்கிற பனீனியே பன்மை. ஒன்று வேண்டுமென்றால் பனீனோ என்று கேட்க வேண்டுமாம். நமக்கு 'கள்' ஒட்டினால் வேலை முடிந்தது, பாதி நேரம் அதுவும் வேண்டாம், 'ரெண்டு இட்லி' என்றால் இலையில் வந்துவிடும். அங்கே எண் சொன்னாலும் பன்மை கட்டாயம். முன்னால் நிற்கும், இங்கிலீஷ் 'the' மாதிரியான இல், லா எல்லாம் கூடவே ஈ, லே என்று மாறும்.

நான் மாட்டியது என் நர்ஸ் தொழிலிலேயே. முதல் டெஸ்டில் என்னைப் பற்றி, நான் நர்ஸ் என்பதற்கு, 'ஸோனோ இன்ஃபெர்மியேரே' என்று எழுதிவிட்டேன். டீச்சர் சிரித்துக்கொண்டே, "மோளே, நீ ஆம்பளை நர்ஸ் ஆயிட்டியே" என்றார். பெண் நர்ஸ் இன்ஃபெர்மியேரா. பெண் நர்ஸ்கள் பலர் என்றால் இன்ஃபெர்மியேரே. ஆண் நர்ஸ் ஒருவர் என்றாலும் அதே இன்ஃபெர்மியேரே! எத்தனை பேர், யார் என்பதை முன்னால் இருக்கிற சொல்லை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

டீச்சர் நெய்யாற்றின்கரைக்காரர், இத்தாலியில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருடம் இருந்தவர். பன்மைப் பாடத்துக்கு அவித்த முட்டையோடு வந்தார். மேசையில் ஒன்றை வைத்து 'உவோவோ, ஆண்பால்' என்றார். இன்னொன்றைப் பக்கத்தில் வைத்து 'லே உவோவா, பெண்பால்' என்றார். ஒன்றாக இருக்கும்வரை ஆண், இரண்டானதும் பெண்! லத்தீனில் இருந்த மூன்றாவது பாலின் மிச்சம் இது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, நேராக எங்கள் வேலைக்கு வந்தார். இந்த வகைச் சொற்களில் நிறைய உடம்பில்தான் இருக்கின்றன. விரல் தீத்தோ, விரல்கள் தீத்தா. கை பிராச்சோ, கைகள் பிராச்சா. உதடு, எலும்பு, முட்டு எல்லாம் இதே கதை.

முட்டு என்றால் எங்கள் பக்கம் முழங்கால். வார்டில் "முட்டு வலிக்குது சிஸ்டர்" என்பார்கள், எந்த முட்டு என்று கேட்காமல் தெரியாது. இத்தாலியக் கிழவி 'மி ஃபா மாலே இல் ஜினோக்கியோ' என்றால் ஒன்று. 'மி ஃபன்னோ மாலே லே ஜினோக்கியா' என்றால் ரெண்டும். வினையே மாறிவிடுகிறது. "இதைக் கவனிக்காம ஒரு முட்டுக்கு மட்டும் மருந்து தேய்ச்சிட்டு வந்தேன், அந்த அம்மா ஒரு நாள் முழுக்க என்னோட பேசலை" என்றார் டீச்சர். இந்த மாதிரி எந்தப் புத்தகமும் சொல்லித் தராது.

இனி குறை. கையேட்டில் உச்சரிப்பு முழுக்க மலையாள எழுத்தில். தமிழ்ப் பக்கத்திலிருந்து போனவர்கள் ஐந்து பேர், ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. என்னைக் காப்பாற்றியது அம்மாச்சி. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் எங்கள் தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியில்தானே இருந்தது, அவர் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் வாசிக்க வாசிக்க நான் பக்கத்தில் தமிழில் எழுதினேன். ஜினோக்கியா வந்தபோது அர்த்தம் கேட்டார், சொன்னேன். "எனக்கு வலதுதான் வலிக்குது, அதுக்கு என்ன போட்டிருக்கு?" என்றார்.

அதைவிட மோசம், 'கோ என்று முடிந்தால் கீ' என்று ஒரே வரியில் அச்சடித்திருப்பது. நெருப்புக்குச் சரி, ஃபுவோக்கோ ஃபுவோக்கி ஆகும். டாக்டர் ஒருவர் மேதிக்கோ, அதை நம்பி டாக்டர்களை மேதிக்கி என்று சொல்லி நின்றேன். சரியானது மேதிச்சி. அழுத்தம் கடைசிக்கு முந்தின அசையில் விழுந்தால் பெரும்பாலும் கீ, அதற்கும் முந்தினதில் விழுந்தால் பெரும்பாலும் ச்சி. நண்பன் இதற்கு அடங்காதவன், அமீக்கோ அமீச்சி ஆவான். தோழி ஒழுங்கு, அமீக்கா அமீக்கே. எதற்கு இவ்வளவு குழப்பம் என்று ஒரு பெண் முணுமுணுத்தாள். "பல்லைப் பற்கள்னும் மரத்தை மரங்கள்னும் சொல்றீங்களே, அதை யாரு விதி வெச்சுப் படிச்சீங்க?" என்றார் டீச்சர். அவள் பிறகு வாய் திறக்கவில்லை.

காப்பிக்கும் டீக்கும் பன்மையே கிடையாது, 'தூயே கஃபே' என்றால் ரெண்டு காப்பி. பஸ் ஸ்டாண்டில் ரெண்டு சாயா கேட்கிற மாதிரியே.

அறையில் பதினெட்டு பேருக்கு ஒரே மின்விசிறி, மே மாதம் சேர வேண்டாம். ஏற்கெனவே ஏ1 என்ற தொடக்க நிலை முடித்தவர்களுக்கு முதல் மூன்று வாரம் வீண், அதைக் கழித்துக்கொண்டு ஃபீஸ் வாங்குவார்களா என்று கேட்டுப் பாருங்கள், நான் கேட்கவில்லை. டீச்சர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆடியோவை மட்டும் அழித்துவிடாதீர்கள், கையேட்டுக்குப் பதில் அதைத்தான் நான் இன்றும் பஸ்ஸில் கேட்கிறேன்.