கார்புரேட்டர் கழுவியாச்சு என்று சொன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள்

பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. செய்யாத வேலைக்கு முழுக்கூலி கொடுத்து ஏமாந்திருக்கிறேன். யார், எந்தக் கடை என்று எழுதப் போவதில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

என் வண்டிக்கு இரண்டு சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க இரண்டு கார்புரேட்டர். முதல் பனிக்கு வெளியே எடுத்து கயிற்றை இழுத்ததும் ஸ்டார்ட் ஆனது. ஆனால் சோக்கை முழுக்க எடுத்துவிட்டால் ரெண்டு இருமல் இருமிவிட்டு அணைந்துவிடும். பாதி சோக்கில் வைத்தால் அணையாமல் ஓடும். கட்டைவிரலால் ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஒரு குறையும் இல்லாமல் பறக்கும், விரலை எடுத்தால் மறுபடி அணையும். தப்பு என் மேலும் உண்டு. கோடை முழுக்க அதே பெட்ரோலோடு மூலையில் போட்டிருந்தேன்.

கடைக்காரர் இரண்டு நாள் வைத்திருந்தார். பில்லில் “இரண்டு கார்புரேட்டரும் கழற்றிச் சுத்தம், பிளக் மாற்றம்” என்று இருந்தது. வண்டியும் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமலே, அணையாமல் ஓடியது. சந்தோஷமாகத்தான் ஓட்டி வந்தேன்.

வீட்டு வாசலில் விரலை எடுத்த பிறகும் வண்டி மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது. மீட்டரைப் பார்த்தால் ஐடில் 3,000 ஆர்பிஎம். இந்த மாதிரி வண்டி 1,500, 1,800 அளவில் நிற்க வேண்டும். 3,000-ஐ நெருங்கினாலே கிளட்ச் பெல்ட்டைக் கவ்வ ஆரம்பித்துவிடும். முன்னால் யாராவது நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஐடில் ஸ்க்ரூவை முறுக்கி ஸ்பீடை ஏற்றி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். கார்புரேட்டருக்குள் காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடு கொஞ்சம் தூக்கி நின்றால், ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட் அடைபட்டிருக்கும் குறை வெளியே தெரியாது.

திரும்பப் போய்க் கேட்டேன். “கம்ப்ரஷன் போயிடுச்சு சார், இன்ஜினைப் பிரிச்சுடலாம்” என்றார், பிளக்கில் கைகூட வைக்காமல். நான் கிளம்பிவிட்டேன். நண்பரிடம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், அளக்கும் கேஜ் வாங்கி, இன்ஜினைச் சூடாக்கி, இரண்டு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்துக் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். ஒன்றில் 122 பிஎஸ்ஐ, மற்றதில் 119. இரண்டு எண்ணுமே ரொம்பக் குறைந்தாலோ, நடுவே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோதான் சந்தேகப்பட வேண்டும்.

பிறகு கார்புரேட்டரைக் கழற்றினேன். இங்கேதான் குட்டு உடைந்தது. கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்து ஸ்க்ரூ நான்கிலும், ஸ்க்ரூ டிரைவர் நுழையும் பள்ளத்தில், போன வருஷத்து எண்ணெய் அழுக்கு கட்டியாக உட்கார்ந்திருந்தது. யாரோ திறந்திருந்தால் அது எப்படி இருக்கும்? உள்ளே அடியில் பச்சையாகப் பிசின், வார்னிஷ் வாடை. ஸ்லோ ஜெட்டைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்தேன். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிய வேண்டிய துளையில் ஒரே இருட்டு. இன்னொரு கார்புரேட்டரிலும் அதே கதைதான்.

கம்பி விட்டுக் குத்தவில்லை, துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் காற்றழுத்தம் கொடுத்ததும் வெளிச்சம் வந்தது. மாட்டும்போது இன்ஜினோடு சேரும் ரப்பர் குழாயை வளைத்து விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். அந்த வழியாகக் காற்று புகுந்தாலும் ஐடில் இப்படித்தான் தடுமாறும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் கலவையில் பெட்ரோல் குறைந்து பிஸ்டன் கருகிவிடும். நல்லவேளை, ரப்பர் நன்றாக இருந்தது. ஐடில் கலவையில் காற்றின் அளவை மாற்றும் ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுக்க மூடி, கையேட்டில் சொன்ன சுற்று அளவுக்குத் திறந்தேன். ஐடில் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கு இறக்கினேன். சோக் இல்லாமல் 1,600-இல் நிற்கிறது.

உங்கள் வண்டியும் சோக் போட்டால் மட்டும் ஐடிலில் அணையாமல் ஓடினால், முதல் சந்தேகம் ஸ்லோ ஜெட், அடுத்தது காற்றுக் கசிவு. இன்ஜினைப் பிரிக்கும் பேச்சு வந்தால் கம்ப்ரஷன் எண்ணைக் கேளுங்கள். கடையில் விடும் முன் கிண்ணத்து ஸ்க்ரூ தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வையுங்கள். திரும்பி வரும்போது அது உடையாமல் இருந்தால் பில்லைக் கையில் வாங்காதீர்கள்.

அழுக்கு ஸ்க்ரூவின் படத்தை அவருக்கு அனுப்பினேன். “அது ரெண்டு நாள்ல சேர்ந்த அழுக்கு சார்” என்று பதில் வந்தது.