கான்ட்ராக்ட் வேலைக்கு பழைய திங்க்பேட் டி480 போதுமா?

நாகர்கோவிலில் வீட்டிலிருந்தே கான்ட்ராக்டில் கோடிங் செய்கிறேன். கம்பெனி லேப்டாப் என்று எதுவும் கிடையாது, மெஷின் படுத்தால் அன்றைய வருமானம் போச்சு. அதனால் பார்த்துப் பார்த்து செகண்ட்ஹேண்டில் லெனோவோ திங்க்பேட் டி480 வாங்கினேன், முழு திருப்தி. 2018 மாடல்தான், ஆனால் எட்டாம் தலைமுறை இன்டெல் என்பதால் விண்டோஸ் 11 முறைப்படியே ஏறும். இதற்கு முந்தைய மாடலான டி470 விலை குறைவு என்று கடைக்காரர் தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது பேட்டரி. உள்ளே ஒன்று, பின்பக்கம் கழற்றி மாட்டுகிற மாதிரி இன்னொன்று. ஐப்பசி மழையில் கரண்ட் போய்விட்டால், வெளிப் பேட்டரியைக் கழற்றி சார்ஜ் ஏற்றி வைத்த வேறொன்றை மாட்டலாம், அதுவரை உள் பேட்டரி தாங்கும், திறந்து வைத்த எதையும் மூட வேண்டாம். ரேமுக்கு இரண்டு ஸ்லாட் இருக்கிறது, இப்போது 8 ஜிபி போதும், காசு வரும்போது கூட்டிக்கொள்ளலாம்.

திரையை மட்டும் கேட்டு வாங்குங்கள். இதே மாடலில் 1366 பிக்சல் திரையும் உண்டு, நாள் முழுக்க கோட் பார்ப்பவர்களுக்கு அது சரிவராது, ஃபுல் ஹெச்டி ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் தெளிவாகத் தெரியும் திரை)தான் வேண்டும். அப்புறம், குளச்சல், முட்டம் பக்கம் ஓடிய மெஷின் என்றால் போர்ட்டுகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், உப்புக்காற்று உலோகத்தை அரித்திருக்கலாம்.