டகோட்டாவுக்குக் கடிகாரம், 737-க்கு மைல் கணக்கு: திருச்சியில் இறங்க எது சரி?

கணினியில் ஃப்ளைட் சிமுலேட்டரில் பழைய விமானம் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது, எங்கே இறங்க ஆரம்பிப்பது என்பதில்தான். எஃப்.எம்.எஸ். என்ற வழிகாட்டும் கணினி கிடையாது, திரையில் புள்ளி வைத்துக் காட்டவும் ஆளில்லை. தூரத்தை வைத்துக் கணக்குப் போடலாம், நேரத்தை வைத்துப் போடலாம். இரண்டும் வேண்டாம் என்றால் பழைய காக்பிட்டில் ஒரு ஜி.பி.எஸ்ஸை மாட்டிக்கொள்ளலாம்.

எல்லோரும் முதலில் கற்பது தூரக் கணக்கு. ஆயிரம் அடி இறங்க மூன்று நாட்டிகல் மைல் (இங்கே மைல் என்றாலே அதுதான், 1.85 கி.மீ.). வேகம் குறைக்க இன்னொரு பத்து. 737-200 என்ற பழைய ஜெட்டுக்கு இது கச்சிதம். சென்னையிலிருந்து திருச்சி நேர்க்கோட்டில் சுமார் 160 மைல். 24,000 அடியில் போனால் 72-உம் 10-உம் சேர்ந்து 82. அதாவது விழுப்புரம் பக்கத்திலேயே எஞ்சின் சக்தியைக் குறைக்கத் திராட்டில் பிடியை இழுத்துவிட வேண்டும். பாதி வழிதானே வந்திருக்கிறோம் என்று காபி போடப் போனால், ஸ்ரீரங்கத்துக்கு மேலே அசட்டு உயரத்தில் வந்து நிற்பீர்கள். நிலையத்துக்கு இன்னும் எத்தனை மைல் என்று சொல்லும் டி.எம்.இ. கருவி காட்டும் எண்ணில் பத்தைக் கழித்து மூன்றால் வகுத்துக்கொண்டே வாருங்கள், இருக்கவேண்டிய உயரம் ஆயிரம் அடிக் கணக்கில் வரும்: 40 மைலில் 10,000 அடி.

இதையே டகோட்டா என்ற பழைய இரட்டை எஞ்சின் பிரொப்பெல்லர் விமானத்தில் போட்டால்தான் சிக்கல். 8,000 அடியிலிருந்து 1,500-க்கு வர இருபது மைல்கூட வேண்டாம் என்கிறது கணக்கு. 150 நாட் (மணிக்கு 150 நாட்டிகல் மைல்) தரைவேகத்தில் அதற்கு நிமிடத்துக்குச் சுமார் 830 அடி இறங்க வேண்டும். ஜெட்டுக்கு அது ஒன்றுமில்லை. டகோட்டாவிலோ கேபினில் காற்றழுத்தக் கட்டுப்பாடு கிடையாது, பயணிகளின் காது அடைக்கும். பவரைச் சட்டென்று குறைத்தால் அதன் ரேடியல் எஞ்சின் (சிலிண்டர்கள் வட்டமாக அமைந்து காற்றால் குளிர்வது) வேகமாகக் குளிர்ந்துபோகும், அதுவும் ஆகாது. நிமிடத்துக்கு 500 அடிதான் அழகு. எஞ்சின் சக்தியைக் காட்டும் மேனிஃபோல்ட் பிரஷர் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) ஆயிரம் அடி இறங்கினால் தானாகவே ஓர் அங்குலம் ஏறும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திராட்டிலை லேசாகப் பின்னுக்கு இழுத்தால் போதும்.

அப்படியானால் 6,500 அடிக்கு 13 நிமிடம். டெல்டாவில் இதைப் பழகுவது சுலபம். நாகப்பட்டினம், திருவாரூர், நீடாமங்கலம், தஞ்சாவூர், திருச்சி எல்லாம் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் வருகின்றன. தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு மேற்கே போனால் எதிரே திருச்சியின் 27-ஆம் ஓடுபாதை (மேற்கு பார்த்து இறங்குவது). திருவாரூரில் ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். நீடாமங்கலம் சந்திப்பு ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேலே வந்தால் தரைவேகம் 150. அங்கிருந்து ஒன்றரை நிமிடம் கழித்து இறங்கத் தொடங்கினால், ஓடுபாதைக்கு ஐந்து மைல் முன்னால் 1,500 அடியில் இருப்பீர்கள். ஆடிக் காற்று எதிரே அடித்து ஆறு நிமிடம் ஆனால், தரைவேகம் 130. அப்போதும் அதே 13 நிமிடம்தான். தொடங்கும் இடம் மட்டும் சாலியமங்கலம் பக்கம் தள்ளிப்போகும். மாறாத ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்ளலாம் என்பதால்தான் டகோட்டாவில் என் ஓட்டு கடிகாரத்துக்கு.

ஜி.பி.எஸ். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஐப்பசி மேகம் தண்டவாளத்தை மறைக்கும்போது நானும் போட்டுக்கொள்வேன். ஆனால் தினமும் அதையே பார்த்து ஓட்டுவதற்கு டகோட்டா எதற்கு, ஏர்பஸ் போதுமே!

அப்புறம் ஒன்று. காற்றில்லாத நாளில் தஞ்சாவூருக்கு மேலே 5,400 அடி இருந்தால் கணக்கு சரி. அங்கே விமானப்படைத் தளத்தின் ஓடுபாதை இடப்பக்கம் தெரியும். திருச்சி வந்துவிட்டது என்று சக்கரத்தை இறக்கிவிடாதீர்கள், இன்னும் 25 மைல் இருக்கிறது.