எக்ஸ்கவேட்டர் கேபினில் நாலு வருஷம்: என் காதைக் காப்பாற்றியது எது?

ராக் பிரேக்கர் மாட்டிய எக்ஸ்கவேட்டர் ஓட்டுகிறேன். நாலு வருஷமாக காதுக்குள் செருகும் ஃபோம் இயர்பிளக், காதை வெளியே மூடும் இயர்மஃப் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

அதற்கு முன்னால் எதுவுமே போட்டதில்லை. வேலை முடிந்து இறங்கினால் ராத்திரி வரைக்கும் காதில் 'ங்ங்' என்று ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் சரியாகிவிடும், அதனால் விட்டுவிட்டேன். ஒருநாள் காதுப் பரிசோதனையில், 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளமாக இறங்கியிருப்பதைக் காட்டினார்கள். இரைச்சல் பாதிப்பு பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும். உள்காதின் மயிர் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது என்றதும் வயிற்றைப் பிசைந்தது.

பிறகு எனக்கு இரைச்சலை அளக்கும் டோசிமீட்டர் மாட்டிவிட்டார்கள். தோளில், காதுக்குப் பக்கத்தில் சின்ன மைக். ஷிஃப்ட் முழுக்க அதுபாட்டுக்குப் பதிவு செய்தது. கதவைத் திறந்துவைத்து ஓட்டிய அன்று சராசரி 94 டெசிபல். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க நியோஷ் நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். அப்படிப் பார்த்தால் 94-க்கு ஒரு மணி நேரம்தான். நான் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கதவைத் திறந்து வைத்ததற்குக் காரணம் ஏசி வேலை செய்யாததுதான். கதவின் ரப்பர் பீடிங்கும் கீழ்ப்பக்கம் கிழிந்து தொங்கியது. இரண்டையும் சரிசெய்து, கதவை மூடி அதே வேலையைச் செய்த அன்று 84. காதில் எதையும் மாட்டாமலே பத்து டெசிபல் குறைந்தது. முதலில் கேபினைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

இறங்கி ஓடும் இன்ஜின் பக்கம் நிற்கும்போதும், கதவைத் திறந்து ஓட்ட வேண்டி வரும்போதும் காதுக்குப் பாதுகாப்பு வேண்டும். இயர்மஃப் போடுவதும் கழற்றுவதும் சுலபம். ஆனால் நான் கண்ணாடி போடுகிறவன். கண்ணாடிக் காம்பு குஷனைத் தூக்கி இடுக்கு விட்டுவிடும், சத்தம் அந்த வழியாக உள்ளே வரும். வியர்வையில் ஊறி ஊறிக் குஷன் கல்லாகிவிட்டால் உடனே மாற்றிவிடுங்கள்.

பிளக்கைச் சரியாகப் போட எனக்கு ஒரு மாதம் பிடித்தது. கிரீஸ் கையைக் கழுவி, மெல்லிய குச்சி போல உருட்டி, மறுகையால் காதை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே விட்டு, விரிகிறவரை அரை நிமிஷம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போட்டும் பிரயோஜனமில்லை.

எத்தனை டெசிபல் குறைக்கும் என்று பாக்கெட்டில் போட்டிருக்கும் என்ஆர்ஆர் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். 29 என்று போட்டிருந்தால் 7-ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்கினால் 11. நான் அதைத்தான் கணக்கில் வைக்கிறேன். இன்னொன்று: நிஜமாகவே 30 டெசிபல் குறைக்கும் மஃப் என்றாலும், 8 மணி நேர இரைச்சலில் அரை மணி நேரம் கழற்றிவைத்தால் அன்றைய பாதுகாப்பு 12 டெசிபலுக்கு இறங்கிவிடும். போன் பேச, சிக்னல் கொடுக்கிறவர் சொல்வதைக் கேட்க என்று நான் கழற்றிய நேரம் அதைவிட அதிகம். இப்போது அவரோடு கைச் சைகை பேசி வைத்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் மஃபைக் கழற்றுவேன்.

இந்த வருஷப் பரிசோதனையில் அந்தப் பள்ளம் ஆழமாகவில்லை. கதவு ரப்பர் மட்டும் கீழ் மூலையில் மறுபடி விரிசல் விட ஆரம்பித்திருக்கிறது. புதுசுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.