பாங்காக்கிலிருந்து கோ சாமுய்: ரயில், பேருந்து, படகு மூன்றுக்கும் ஒரே சீட்டு

முதன்முறையாகத் தாய்லாந்து செல்பவர்கள் விமானச் சீட்டுக்கும் விடுதிக்கும் செலவிடும் கவனத்தில் பாதியைக்கூட, பாங்காக்கிலிருந்து கடற்கரைக்குப் போய்ச் சேரும் வழிக்குச் செலவிடுவதில்லை. வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றுவதே இதற்குக் காரணம். பட்டாயாவைப் பொறுத்தவரை அது உண்மைதான்: எக்கமாய் பேருந்து நிலையத்திலோ சுவர்ணபூமி விமான நிலையத்திலோ ஏறினால், சாலை நெரிசல் இல்லாத நாளில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதற்கு முன்பதிவும் திட்டமும் பெரிதாகத் தேவையில்லை. புக்கெட்டுக்கு ரயில் பாதையே கிடையாது. பேருந்தில் ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்தே செல்வதைவிட விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடுவதே குடும்பத்துடன் செல்பவர்களுக்கு ஏற்றது. உண்மையில் யோசித்து முடிவெடுக்க வேண்டியது தாய்லாந்து வளைகுடாவில் உள்ள கோ சாமுய் போன்ற தீவுகளுக்குத்தான். இரவு ரயில், பேருந்து, படகு மூன்றையும் சேர்த்து ஒரே சீட்டாக முகவர்கள் விற்கும் இணைப்புச் சேவையில் குடும்பத்தோடு சென்றுவந்த அனுபவத்தை வைத்து இதை எழுதுகிறேன். ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் ரயிலுக்கு நான்கும், படகுக்கு நான்கும், இடையில் வந்த பேருந்துக்கு இரண்டும் தருவேன்.

விமானத்தை ஏன் தவிர்த்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாமுய் விமான நிலையம் பாங்காக் ஏர்வேஸ் நிறுவனமே கட்டி 1989-இல் திறந்தது. இன்றும் அதன் கையில்தான் இருக்கிறது. போட்டி குறைவாக இருப்பதால், பாங்காக்கிலிருந்து ஒரு மணி நேரச் சிறு பயணமானாலும் கட்டணம் பெரும்பாலும் இறங்குவதில்லை. நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அந்த வேறுபாடு இரண்டு இரவு விடுதி வாடகைக்குச் சமமாகிவிடும். இரவு ரயிலில் படுக்கை வசதியோடு போனால் ஓர் இரவு அறை வாடகையும் மிச்சம்.

தென்பகுதிக்குச் செல்லும் நெடுந்தூர ரயில்கள் 2023 ஜனவரியிலிருந்து பாங்காக்கின் பழைய தலைமை நிலையமான ஹுவா லம்போங்கிலிருந்து புறப்படுவதில்லை. பாங் சூ பகுதியில் உள்ள குருங் தெப் அபிவத் முனையத்திலிருந்தே புறப்படுகின்றன. பழைய காணொளிகளைப் பார்த்துத் திட்டமிடுபவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஹுவா லம்போங்கில் இன்னும் சில சாதாரண ரயில்கள் ஓடுவதால் அங்கே போய் நின்றாலும் உடனே சந்தேகம் வராது. புதிய முனையம் விமான நிலையத்தைப் போல விசாலமானது. நீல வழித்தட மெட்ரோ அதன் அடியிலேயே நிற்கிறது. டோன் மியூவாங் விமான நிலையத்தில் இறங்குபவர்கள் சிவப்பு வழித்தட ரயிலில் நேரே இங்கு வந்துவிடலாம்.

எந்த ரயில் என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. 2016 இறுதியில் சேவைக்கு வந்த சீனத் தயாரிப்புப் பெட்டிகளுடன் ஹட் யாய் வரை செல்லும் ரயிலைத்தான் எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். பெட்டிகள் சிறந்தவைதான், ஆனால் அது மாலையிலேயே புறப்பட்டுவிடுவதால், சாமுய்க்குச் செல்பவர்கள் இறங்க வேண்டிய சூரத் தானி நிலையத்தை நள்ளிரவுக்குப் பின் அடைகிறது. முதல் படகு விடிந்த பிறகே என்னும்போது, குழந்தைகளை எழுப்பிக்கொண்டு அந்நேரத்தில் இறங்கி என்ன செய்வது? நக்கோன் சி தம்மராத் செல்லும் இரவு ரயில் பழைய பெட்டிகளைக் கொண்டது என்றாலும், விடியற்காலையில் இறக்கிவிடுவதால் சாமுய் பயணிகளுக்கு அதுவே பொருந்தும். ஆகவே புறப்படும் நேரத்தைப் பார்த்து முன்பதிவு செய்யாமல், சூரத் தானியில் இறங்கும் நேரத்தைப் பார்த்துச் செய்யுங்கள்.

இரண்டாம் வகுப்புக் குளிர்சாதனப் படுக்கைப் பெட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புறப்படும்போது சன்னலோரம் எதிரெதிரே இரண்டு அகன்ற இருக்கைகள் மட்டுமே தெரிகின்றன. இரவு தொடங்கியதும் பணியாளர் ஒருவர் வரிசையாக வந்து, இரு இருக்கைகளையும் இழுத்து ஒன்றாக்கி, மேலே சுவரோடு மூடியிருக்கும் பலகையைச் சாவி போட்டு இறக்கி, மெத்தை விரித்து, உறையிலிருந்து வெள்ளை விரிப்பையும் போர்வையையும் எடுத்துப் போட்டு, திரைச்சீலையை வளையங்களில் மாட்டிவிட்டு அடுத்த இருக்கைக்கு நகர்கிறார். இவ்வளவும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. எங்கள் பெட்டியின் குழந்தைகள் எல்லாம் அவர் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தன. படுக்கைகள் நம் ரயில்களின் பக்கவாட்டுப் படுக்கையைப் போல வண்டி செல்லும் திசையிலேயே நீண்டிருப்பவை, ஆனால் கீழ்ப்படுக்கை அதைவிட அகலமானது. கீழ்ப்படுக்கைக்குக் கட்டணம் ஏறத்தாழ ஆயிரம் பாட், மேல்படுக்கையைவிடச் சற்றுக் கூடுதல். மேல்படுக்கை குறுகலாக இருப்பதோடு, கூரை விளக்கு இரவு முழுவதும் எரிவதால் கண்ணிலும் அடிக்கிறது. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வந்தால் கீழ்ப்படுக்கைக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் தயக்கம் வேண்டாம். குளிர் கடுமையாக இருக்கும். தரும் போர்வை மெல்லியது. ஒரு சால்வையும் காலுறையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சைவ உணவு உண்பவர்கள் முனையத்தின் கடைகளிலேயே பழம், ரொட்டி வாங்கிக்கொண்டு ஏறுவது நல்லது, ஏனெனில் காய்கறிச் சோறு என்று தருவதிலும் மீன் சாஸ் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பாதை மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலமே உள்ள தண்டவாளம். ஏறத்தாழ 650 கிலோமீட்டரைக் கடக்கப் பத்து மணி நேரம் ஆகிறது. சென்னை எழும்பூரிலிருந்து தெற்கே மீட்டர் கேஜ் ரயிலில் போன தலைமுறையினருக்கு அந்த ஆட்டமும் வேகமும் புதிதாகத் தோன்றாது.

குறைகள் சூரத் தானியில் தொடங்கின. அந்தப் பெயரில் உள்ள ரயில் நிலையம் நகரத்தில் இல்லை. பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி புன்பின் என்னும் சிற்றூரில் இருக்கிறது. தோன் சக் படகுத்துறை அங்கிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரம். இணைப்புச் சீட்டின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான் தெரிய வேண்டும், ஆனால் எங்கள் முகவரின் பேருந்து முந்தைய ரயில்களில் வந்தவர்களையும் பிந்தி வருபவர்களையும் சேர்த்து நிரப்பிக்கொண்டு புறப்பட்டதால், நிலையத்துக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு வண்ண ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டார்கள். எந்த வண்ணம் எந்தத் தீவுக்கு என்று கேட்டதற்கு ஊழியர் கையசைத்து உட்காரச் சொன்னாரே தவிர, விவரம் சொல்லவில்லை. கழிப்பறைக்குப் போகக்கூடத் தயங்கும் நிலை. படகு நிறுவனங்கள் தாமே ரயில் நிலையத்திலிருந்து பேருந்தும் படகும் சேர்த்து விற்கின்றன; ரயில் சீட்டைத் தனியாகவும் அதைத் தனியாகவும் வாங்கினால், புறப்படும் நேரம் சீட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். அடுத்த முறை அப்படித்தான் செய்வேன்.

தோன் சக்கிலிருந்து இருவகைப் படகுகள் உண்டு. கார்களையும் பேருந்துகளையும் ஏற்றிச் செல்லும் பெரிய படகு ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. விரைவுப் படகு அதில் பாதி நேரத்தில் சேர்க்கிறது. விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு நான் பெரிய படகையே சொல்வேன். மேல்தளத்தில் காற்றாட நிற்கலாம், ஆட்டமும் குறைவு. சாமுயின் மேற்குக் கரையில் நாத்தோன், லிபா நோய் ஆகிய துறைகளில் இறக்குகிறார்கள். சாவெங் கடற்கரையோ தீவின் கிழக்கே, நாத்தோனிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவில். துறையில் டாக்சிக்காரர்கள் மீட்டர் போடுவது அரிது என்பதால், படகிலேயே விற்கப்படும் பகிர்வு வேன் சீட்டை வாங்கிவிடுவது மலிவு.

பருவத்தையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு மழை தரும் வடகிழக்குப் பருவக்காற்றுதான் சாமுய்க்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கனமழை தருகிறது. அந்த மாதங்களில் கடல் கொந்தளித்துப் படகுகள் நிறுத்தப்படுவதும் உண்டு. நவம்பரில் வரும் தீபாவளியிலோ அரையாண்டு விடுமுறையிலோ செல்பவர்களுக்கு, நவம்பர் முதல் மழை குறையும் அந்தமான் கடல் பக்கம், அதாவது கிராபியும் புக்கெட்டும், மேல். மே மாதப் பள்ளி விடுமுறைக்கு நேர் எதிர்: அப்போது அங்கே தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது, சாமுய் ஓரளவு நன்றாகவே இருக்கும்.

திரும்பும் பயணத்துக்கும் இதே வழி போதும், ஒரே நிபந்தனையோடு. இரவு ரயில் காலையில் பாங்காக் சேரும் அதே நாளில் ஊருக்கு விமானம் போடாதீர்கள். ரயில் ஒரு மணி நேரம் தாமதமாவது வியப்புக்குரியதன்று. படகும் நின்றுவிட்டால் ஒரு நாளே போய்விடும். பாங்காக்கில் தங்க வைத்திருக்கும் இரவுகளில் ஒன்றையாவது பயணத்தின் முன்பகுதியிலிருந்து எடுத்துக் கடைசிக்கு மாற்றி வைத்தால், கூடுதல் செலவே இல்லாமல் இது சரியாகிவிடும்.