கல்லடிப் பாலத்தடியில் ஒரு தோணியும் ஒரே ஒரு துடுப்பும்

ஊரின் பெயருக்கு முன்னால் 'மீன்பாடும் தேன்நாடு' என்று சொல்லி வளர்ந்த மட்டக்களப்பாரில் பலர் அந்தப் பாட்டை ஒரு தடவையேனும் கேட்டதில்லை. நாற்பது வயதைக் கடந்தும் நானும் அவர்களில் ஒருவனாகவே இருந்தேன். அந்தக் குறை தீர, ஆவணிப் பறுவமான முழுநிலவு இரவில், வாவியில் மீன் பாடக் கேட்க அழைத்துச் செல்லும் படகுச் சேவையொன்றை நண்பர்கள் நால்வராக அமர்த்திக்கொண்டோம். படகொன்றுக்கு 4,000 ரூபாய், ஒன்றரை மணி நேரம்.

முதல் அரை மணி நேரம் வீணாயிற்று. கரையை விட்ட படகு மோட்டாரை நிறுத்தாமலே 1924ஆம் ஆண்டின் பழைய இரும்புப் பாலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. கேட்கப் போன இடத்தில் காது அடைத்ததுதான் மிச்சம். நாங்கள் சொன்ன பிறகே படகோட்டி அண்ணன் மோட்டாரை நிறுத்தினார். ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்தது அனைத்தும் தேர்ந்த கை. துடுப்பின் அகன்ற பக்கத்தை நீருக்குள் இறக்கி, கைப்பிடியின் நுனியை என் காதோடு பொருத்தி, "கதைக்காம இருங்க கா, மறுகாத்தான் கேட்கும்" என்றார்.

கேட்டது. பாட்டு என்று எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவார். அது இராகமன்று, தம்புராவின் தடித்த நரம்பொன்றைத் தொலைவில் யாரோ விட்டுவிட்டு மீட்டுவது போன்ற அதிர்வு. துடுப்பைக் காதிலிருந்து எடுத்தால் உடனே அற்றுவிடுகிறது. நீருக்குள் எழும் ஒலியின் ஆற்றலில் ஆயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கே மேற்பரப்பைத் தாண்டிக் காற்றில் கலப்பதும், மரக்கட்டையோ அதை நேரே செவிக்குக் கடத்துவதும்தான் காரணம். 1848இல் இங்கு வந்த எமர்சன் தெனன்ற் என்ற ஆங்கில அதிகாரியும் படகின் பலகையில் காதை வைத்தபோதே ஒலி பெருகியதாக எழுதியிருக்கிறார். அன்றைய மீனவர்கள் அவரிடம் காரணமாகக் காட்டியது மீனை அன்று, ஊரி என்ற நத்தை வகையை என்பது எனக்குப் பெரிய வியப்பு. ஆயினும் நீருக்கடியில் ஒலியெழுப்பும் மீன்கள் பலவும் தம் காற்றுப்பையைத் தசைகளால் அதிரச் செய்தே அதை எழுப்புகின்றன. நான் கேட்ட உறுமலுக்கு அதுவே பொருந்துவதாகப் பட்டது. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் இதே ஒலியை நீரில் வாழும் தேவமகளிரான நீரரமகளிரின் இசையாகக் கண்டு, பழந்தமிழ் இசையை ஆராயும் தம் யாழ் நூலை 1947இல் வெளியிட்டார்; அவரது சமாதி இதே கல்லடியில், சிவானந்த வித்தியாலயத்தை அடுத்து இருக்கிறது. துடுப்பைக் காதில் வைத்திருந்த வேளையில் ஊரியையும் காற்றுப்பையையும் மறந்து, எனக்கும் அந்த நீரரமகளிரே நினைவில் நின்றனர்.

சேவையைப் பற்றி இன்னும் சில சொல்ல வேண்டும். நால்வருக்கு உயிர்காப்பு அங்கி இரண்டுதான் இருந்தது. இரவுப் பயணத்துக்கு இது மன்னிக்கத்தக்கதன்று. கைபேசியில் பதிவு செய்த நண்பருக்குக் காற்றும் எங்கள் மூச்சும்தான் கிடைத்தன. இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் பதிவுசெய்த இவ்வொலி பல பத்தாண்டுகளுக்கு முன்பே இலங்கை வானொலியில் ஒலித்திருக்க, நீருக்குள் இறக்கும் சிறிய ஒலிவாங்கியொன்றைக் கட்டணம் வாங்குவோர் இன்றும் வைத்திருக்கவில்லை. புதிய பாலத்து வாகன இரைச்சலுக்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. பத்து மணிக்குப் பிறகு புறப்பட்டால் அது ஓரளவு தணியும்.

அடுத்த ஆண்டு சித்திரைப் பறுவத்துக்கு அதே அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: மோட்டார் வேண்டாம், வலித்துச் செல்லும் தோணியே போதும், துடுப்பு மட்டும் நான்கு வேண்டும். ஒன்றை நால்வர் மாற்றி மாற்றிக் காதில் வைத்ததில், கடைசி ஆளின் முறை வருவதற்குள் மீன்கள் அடங்கிவிட்டன.